மச்சான் அனுப்பிய அறுபத்திரண்டு

கழிமுனைக் குப்பம்,
பழவேற்காடு அஞ்சல்.
11-8-1984

கடல் கடந்து கப்பலில் உத்தியோகம் பார்க்கும் மதிப்பிற்குரிய மச்சான் கோதண்டம் அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் மனைவி லோகநாயகியின் ஒரே தம்பி சின்னதம்பி, இரண்டு நாளாக எறா உரித்து வீங்கிப்போன பத்து விரலாலும் எழுதிக்கொண்டது. இங்கே அக்கா நலம், தங்கள் மாமனாராகிய என் நைனா நலம், ஏரியில் தண்ணீர் நலம். அங்கே தாங்களும் தங்கள் கப்பலும் மூழ்காமல் மிதந்துகொண்டிருக்க எல்லைக் காத்தாளை வேண்டுகிறேன். நலம் விசாரித்தாகிவிட்டது. இனிமேல் மரியாதை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், பொறுத்துக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். தாங்கள் அனுப்பிய மடக்குக் கத்தி ஒரு தண்டம். அந்தத் தண்டத்தால் நைனா என்னைப் படகிலிருந்து இறக்கிவிட்டார். இன்னும் பதினெட்டு நாளில் நம்முடைய பாடு மறுபடியும் வருகிறது. கப்பலில் ரொட்டி தின்று தின்று பாடு என்றால் என்னவென்றே தங்களுக்கு மறந்திருக்கும், அதனால் சொல்கிறேன்: முகத்துவாரத்தாண்ட இருக்கிற நல்ல இடத்தில் குப்பத்துக்காரர்கள் முறை வைத்துத்தான் வலை கட்டுவோம், நம் முறை வருகிற அன்றைக்கு அந்த இடத்துக்கு நாம்தான் ராஜா, அன்றைக்கு விட்டால் அடுத்த முறை வரும்வரை கரையில் குந்திக்கொண்டு மற்றவன் பிடிக்கிறதை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அந்தப் பதினெட்டாம் நாள் நான் படகில் இருக்க வேண்டும். அதற்குத் தாங்கள் உடனே நைனா பேருக்குத் தனியாக ஒரு கடிதம் போட வேண்டும். "தப்பு கத்தியுடையது, வாங்கி அனுப்பிய என்னுடையது, சின்னதம்பி மேல் ஒரு குற்றமும் இல்லை" என்று கொட்டை எழுத்தில் எழுதினால் போதும். ஏன் எழுத வேண்டும் என்று தாங்கள் கேட்பீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

மே மாதம் தங்கள் சிநேகிதர் ஞானதாஸ் துறைமுகத்திலிருந்து நேராக வந்து, பனியனில் சுற்றிய கத்தியையும் தங்கள் சீட்டையும் கொடுத்துவிட்டு, நாலு பொரித்த கிழங்கான் மீன் சாப்பிட்டுவிட்டுப் போனார். சீட்டில் தாங்கள் எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம்: "தம்பி, இது ஜப்பான் ஸ்டீல். கடினம் அறுபத்திரண்டு டிகிரி. சாகிற வரைக்கும் தீட்ட வேண்டாம்." யார் சாகிற வரைக்கும் என்று தாங்கள் குறிப்பிடவில்லை. முதலில் ஒன்று, கடினத்துக்கு டிகிரி கிடையாது மச்சான். அது வெறும் எண். ஒரு வைர முனையை ஸ்டீல் மேல் வைத்து ஒரு கணக்கான பாரத்தில் அழுத்துவார்கள், எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பார்கள், குறைவாக இறங்கினால் எண் அதிகம், அதற்கு ராக்வெல் என்று பேர். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், மீஞ்சூர் பழைய பேப்பர் கடையில் நானாகத் தேடிப் பிடித்த பாலிடெக்னிக் புத்தகத்தில் இருக்கிறது. அதில் முதல் பன்னிரண்டு பக்கமும் இருநூற்றுப் பத்துக்கு அப்புறமும் கிடையாது. அதனால் என்ன? கடினம் பற்றிய அத்தியாயம் முழுசாக இருக்கிறது. அதை நான் நாற்பது தடவை படித்தவன். தாங்கள் கப்பலில் பெயிண்ட் அடிக்கிறவர். ஸ்டீலைப் பற்றி எனக்கு எழுதுகிறீர்கள்.

இருந்தாலும் அறுபத்திரண்டு என்று பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். எனக்கு ஸ்டீல் விஷயத்தில் ஏழு பேனா நண்பர்கள் இருப்பது தங்களுக்குத் தெரியும். வாரா வாரம் போஸ்ட் கார்டில் சண்டை போடுவோம். அதில் திருச்சி சின்னப்பன் என்று ஒரு அறிவாளி, "மடக்குக் கத்திக்கு ஐம்பத்தெட்டு போதும், அதற்கு மேல் போனால் வீம்பு" என்று எழுதியிருந்தான். நான் அன்றைக்கே, "ஐம்பத்தெட்டை வைத்துக்கொண்டு நீ தயிர் வெட்டு, என்னிடம் அறுபத்திரண்டு வந்துவிட்டது" என்று பதில் போட்டேன். மற்ற ஆறு பேருக்கும் அதையே நகல் எடுத்து அனுப்பினேன். இப்போது அந்த ஏழு கார்டையும் திரும்பி வாங்க வழி உண்டா என்று தபால்காரரைக் கேட்டேன். இல்லையாம்.

கத்தி வந்த முதல் வாரம் குப்பமே என் பின்னால்தான். தண்ணீர் தொடாமல் முழங்கை முடியை வழித்துக் காட்டினேன். அடுத்த படகுக்கார மாரி தன் கையை நீட்டினான். வழித்தேன். அவனுக்கு அப்புறம் பதினோரு பேர். மறுநாள் ஏரிக்கரையில் பன்னிரண்டு ஆம்பளைகள் ஒரு கை கரடி, ஒரு கை குழந்தை என்று திரிந்தார்கள். எறா உரிக்கிற கொட்டகையின் தலைவி பச்சையம்மா அத்தை மட்டும் மசியவில்லை.

"இன்னாடா அது, துணில சுத்தி சுத்தி வெக்கிற? கொயந்தையா?"

"அத்தை, இது அறுபத்திரண்டு டிகிரி!"

"ஐயோ பாவம். ஜொரமா? கஷாயம் வெச்சிக் குடு."

தாங்கள் எழுதிய அந்த டிகிரியால்தான் எனக்கு அந்த அவமானம் என்பதை இங்கே குறித்துக்கொள்ளவும்.

நைனாவின் கத்தியைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். எளாவூர் செக்போஸ்ட்டில் உடைந்து நிற்கிற லாரிகளின் ஸ்பிரிங் பட்டையை வாங்கி அங்கே ஒரு கொல்லர் அடித்துக் கொடுக்கிற கத்தி. மடங்காது, மின்னாது, பூவரசங் கட்டையில் கைப்பிடி. தினம் காலையில் கல்லில் நாலு இழுப்பு இழுத்து இடுப்பில் சொருகிக்கொள்வார். நான் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நைனா, இது ராக்வெல் கணக்குல நாப்பத்தஞ்சு தேறினா பெரிய விஷயம்"னு முகத்துக்கு நேராகச் சொன்னேன். நைனா, "அப்பிடியா? அது பாவம் இன்னா பண்ணும், படிக்கலியே"ன்னார். அன்றைக்கே அந்தக் கத்தியை வாங்கி அக்காவிடம் கொடுத்து, இனிமேல் இதில் கத்திரிக்காய் நறுக்கு என்று சொல்லிவிட்டேன். படகில் ஒரு கத்தி போதும், அது என் கத்தி என்று தீர்மானம் போட்டேன். நைனா வெறும் இடுப்போடு படகுக்குப் போனார். அவர் சண்டை போடாமல் விட்டுக்கொடுக்கிறபோதுதான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதை நான் மறந்தேன்.

முதல் அடி நண்டு கொடுத்தது. பெரிய பச்சை நண்டு ஒன்று, கொடுக்கு மட்டும் என் கட்டைவிரல் பருமன். வழக்கமாகக் கல்லில் ஒரு தட்டு தட்டினால் உடைந்துவிடும். நான்தான் அறுபத்திரண்டு வைத்திருக்கிறேனே, கல் எதற்கு? கொடுக்கின் மூட்டில் வைத்து ஒரு நெம்பு நெம்பினேன். டிங் என்று ஒரு சத்தம். நண்டு அப்படியே இருந்தது. கத்தியின் வாயில் ஒரு அரிசி அளவுக்குப் பல் விழுந்திருந்தது. செத்த நண்டு மச்சான்! உயிரோடு இருந்திருந்தால் கைப்பிடியையும் வாங்கிக்கொண்டிருக்கும். கடினம் ஏற ஏற நொறுங்கும் குணமும் ஏறும், கண்ணாடி மாதிரி, பக்கம் நூற்று நாற்பது. எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் இவ்வளவு விலை கொடுத்து வாங்குகிறவன் கண்ணாடியையா வாங்குவான் என்று நினைத்தேன். நண்டு குழம்புக்குப் போய், சாப்பாடும் ஆரம்பமாகி, நான் இன்னும் அந்த உடைந்த துணுக்கைத் தேடிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து நைனாவின் குரல் வந்தது.

"லோகா! கொயம்புல இன்னா போட்ட?"

"நண்டு நைனா."

"நண்டுக்கு எப்போமா ஆணி மொளச்சிது?"

கடைவாய்ப் பல் ஒன்று ஆட்டம் கண்டுவிட்டது. உலகத் தரமான ஸ்டீல் நைனாவின் வாயில்தான் முதல் முதலாக வேலை செய்தது.

சரி, கத்தியில் பல் விழுந்தால் தீட்டிச் சரி பண்ணலாம் என்று கல்லில் வைத்தேன். நம் வீட்டு வாசலில் மீன் கழுவுகிற கல், தங்களுக்கே தெரியும், தாங்கள் நிச்சயத்துக்கு வந்தபோது வழுக்கி விழுந்தது அதில்தான். மூன்று நாள் மச்சான்! காலையில் ஒரு மணி நேரம், சாயந்திரம் ஒரு மணி நேரம். தோள்பட்டை கழன்றுவிட்டது. கல்லில் ஒரு விரல் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்தது. கத்தி மட்டும் பழைய மாதிரியே இருந்தது. அந்தப் பல் என்னைப் பார்த்துச் சிரித்தபடியே இருந்தது. மூன்றாம் நாள் பச்சையம்மா அத்தை கூடையோடு போகிறவள் நின்று பார்த்தாள். கல்லைத் தடவிப் பார்த்தாள்.

"டேய் சின்னதம்பி, கல்லு நல்லா கூரா ஆயிட்சிடா. கத்திய தூக்கிப் போட்டுட்டு கல்ல இடுப்புல சொருகிக்கோ."

சாகிற வரைக்கும் தீட்ட வேண்டாம் என்று எழுதினீர்களே, உண்மைதான். தீட்ட முடியாது. நம்ம ஊர் கல்லுக்கெல்லாம் அது மசியாது, அதற்கென்று தனிக் கல் வேண்டுமாம், இப்பல்ல தெரியுது. கத்தி அனுப்பத் தெரிந்தவருக்குக் கல் அனுப்பத் தெரியவில்லை. சீட்டாடுகிற வீட்டுக்கு ராணியை மட்டும் எடுத்துவிட்டுச் சீட்டுக்கட்டை அனுப்பின கதை இது.

இதற்கு நடுவில் ஏரித் தண்ணீர் பட்டு மடக்குகிற இடத்தில் துரு ஏறி, திறப்பதற்கு ஒரு ஆள், பிடிப்பதற்கு ஒரு ஆள் என்று ஆனது. அதையெல்லாம் விரிவாக எழுதினால் தங்களுக்கு வருத்தமாக இருக்கும். எழுதுகிறேன்: என் கட்டைவிரல் நகம் இரண்டும் போச்சு.

ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறது. அந்தக் கத்தி ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வேலையில், ராஜா மாதிரி நடந்துகொண்டது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் பாடு வருவதற்கு நாலு நாள் முன்னால் புது நைலான் கயிறு வந்தது. நைலான் கயிற்றை வெறுமனே அறுத்தால் நுனி பிரிந்து துடைப்பம் மாதிரி ஆகிவிடும், அதனால் சூடான இரும்பில் அறுக்க வேண்டும், நுனி உருகி ஒட்டிக்கொள்ளும். இதற்காக குப்பத்தில் எல்லா வீட்டிலும் அடுப்பாண்ட ஒரு சூட்டிரும்பு கிடக்கும், உடைந்த அரிவாள் துண்டோ, தேய்ந்துபோன ஏதோ ஒன்றோ. நம் வீட்டில் கிடப்பது அக்காவின் பழைய அருவாமனை நாக்கு. கையில் ஜப்பான் ஸ்டீல் வைத்துக்கொண்டு அந்தக் கழிசடையைத் தொடுவதா? கத்தியைத் திறந்து, பம்ப் ஸ்டவ்வின் தீயில் முன்பாதியைக் காட்டி, நன்றாகச் சூடேற்றி, கயிற்றில் வைத்தேன். வெண்ணெய் மச்சான். முப்பத்தாறு நுனி. ஒன்றுகூடப் பிரியவில்லை. ஒவ்வொரு நுனிக்கும் ஒரு தடவை தீயில் காட்டினேன். அப்போதுதான் ஒரு அதிசயம் பார்த்தேன். கத்தி மேல் முதலில் வைக்கோல் நிறம் வந்தது, அப்புறம் ஊதா, அப்புறம் புறாக் கழுத்து மாதிரி நீலம். நைனாவின் லாரிப் பட்டைக்கு இந்தக் கலர் வருமா? ஒரிஜினல் ஸ்டீல் என்றால் இப்படித்தான் நிறம் காட்டும் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அக்கா ஸ்டவ்வையும் கத்தியையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "அத்தப் போயி ஏன்டா..."ன்னு ஆரம்பித்தாள். "உனக்கு இதெல்லாம் தெரியாது, நீ கொயம்பைப் பாரு"ன்னு சொல்லி அனுப்பிவிட்டேன். ஆறு பேனா நண்பர்களுக்கு அந்த நீலத்தைப் பற்றி எழுதினேன். சின்னப்பனுக்கு மட்டும் தனிக் கார்டு, இரண்டு பக்கமும்.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

நம் பாடு. காலை பத்து மணி. தண்ணீர் கடல் பக்கமாக நல்ல வேகத்தில் இழுக்கிற நேரம். படகில் நைனா, நான், பெரியப்பா மகன்கள் இரண்டு பேர். கழிகளை நட்டு வலையைக் கட்டி முடித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, வலை கனத்துவிட்டது. எறா துள்ளுகிற சத்தம் தண்ணீருக்கு மேலேயே கேட்டது. மழை தூறுகிற மாதிரி. நைனா என்னைப் பார்த்துச் சிரித்தார் மச்சான். என்னைப் பார்த்து! நான் கத்திப் பாக்கெட்டைத் தட்டிக் காட்டினேன். அந்த நேரத்தில்தான் ஏரிப் பக்கமிருந்து ஒரு சவுக்கு மரம், வேரோடு, மிதந்து வந்தது. நேராக வந்து வலையில் குத்தி நின்றது. பின்னாலிருந்து தண்ணீர் தள்ளுகிறது, வலை வில் மாதிரி வளைகிறது. ஒரு பக்கத்துக் கயிற்றை உடனே அறுத்துவிட்டால் வலை திரும்பிக்கொள்ளும், மரம் தன் வழியே போய்விடும், முக்கால்வாசி எறாவும் மிஞ்சும். அதற்கு ஒரு நிமிஷம்தான் இருக்கிறது.

"கயித்த அறுடா!" என்றார் நைனா.

திறந்தேன். திறக்கவில்லை. துரு. பல்லால் கடித்துத் திறந்தேன். கயிற்றில் வைத்து இழுத்தேன். வழுக்கியது. மறுபடி இழுத்தேன். பல் விழுந்த இடம் ஒரு இழையைப் பிடித்து மாட்டிக்கொண்டது. மூன்றாவது தடவை முழு பலத்தோடு இழுத்தேன். கத்தி வளைந்தது.

கவனமாகப் படிக்கவும். உடையவில்லை. வளைந்தது. நுனி என்னைத் திரும்பிப் பார்த்தது.

"இன்னாடா பண்ற? அறுடா!"

"நைனா, வளைஞ்சிட்ச்சி!"

"கயிறா?"

"கத்தி!"

நைனா தண்ணீரில் குதித்து, கையாலும் பல்லாலும் முடிச்சை அவிழ்த்தார். ஆட்டம் கண்டிருந்த அந்தக் கடைவாய்ப் பல் அங்கேயே போய்விட்டது. முடிச்சு அவிழ்வதற்குள் வலை எட்டுப் பாக நீளத்துக்குக் கிழிந்து, நம் எறாவெல்லாம் கீழே, அடுத்த இடத்தில் வலை கட்டியிருந்த மாரியின் வலைக்குள் போய் உட்கார்ந்தது. அன்றைக்கு அவன் முறைக்கு வந்தது சுமாரான இடம். அவன் வாழ்நாளில் அவ்வளவு எறா பார்த்ததில்லை. படகிலேயே எழுந்து நின்று, முடியில்லாத அந்தக் கையை உயர்த்தி, "சின்னதம்பீ! உன் மச்சானுக்கு ஒரு சலாம் போட்டேன்னு எய்து!"ன்னு கத்தினான். எழுதிவிட்டேன்.

கரைக்கு வந்ததும் நைனா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. வளைந்த கத்தியை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"நாளைலந்து படகாண்ட வராத. பச்சையம்மாவாண்ட போய் எறா உரி. அத்துக்குக் கத்தி வாணாம்."

இரண்டு நாளாக எட்டுப் பொம்பளைகளுக்கு நடுவில் ஒன்பதாவது ஆளாகக் குந்தியிருக்கிறேன். எனக்குப் பாடம் எடுப்பது பச்சையம்மா அத்தை. "தலைய கிள்ளு, தோல இஸ்து உடு, ராக்வெல் பாக்காத"ன்னு சொல்லிச் சொல்லி உரிக்க வைக்கிறாள்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். தாங்கள் பதில் சொல்ல முடியாத கேள்வி. நண்டிடம் இந்தக் கத்தி நொறுங்கியது. நொறுங்கினால் அது கடினம். கயிற்றிடம் இதே கத்தி வளைந்தது. வளைந்தால் அது மெது. அறுபத்திரண்டு உடையுமே தவிர வளையாது, புத்தகத்தில் அச்சில் இருக்கிறது. நண்டிடம் கண்ணாடி, கயிற்றிடம் வாழைத்தண்டு, ஒரே கத்தி எப்படி இரண்டாகவும் இருக்கும்? இருநூற்றுப் பத்தாம் பக்கம் வரைக்கும் மறுபடி புரட்டிவிட்டேன், பதில் இல்லை. ஆகவே என் முடிவு: இது ஏமாற்று வேலை. ஏதோ ஒரு துறைமுகத்தில் ஏதோ ஒரு நடைபாதைக் கடையில், மேலே மட்டும் கடினமாக முலாம் பூசி, உள்ளே தகர டப்பாவை வைத்து, தங்களைப் பார்த்ததும் இவர்தான் சரியான ஆள் என்று கட்டிவிட்டிருக்கிறான். அந்த அறுபத்திரண்டு கடைக்காரனின் வயசாக இருக்கும். கப்பலில் உலகம் சுற்றுகிறவர் என்று அக்கா தங்களைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறாள். உலகம் சுற்றி என்ன பிரயோஜனம், எளாவூர் வரைக்கும் போயிருந்தால் லாரிப் பட்டையில் ஒரு கத்தி கிடைத்திருக்கும், இந்நேரம் நான் படகில் இருந்திருப்பேன்.

ஆகையால் மறுபடியும் சொல்கிறேன். நைனாவுக்கு உடனே கடிதம். தப்பு கத்தியுடையது. அடுத்த கப்பலில் வருகிற ஞானதாஸிடம் இந்தத் தகரத்தைத் திருப்பி அனுப்புகிறேன், தாங்கள் அதைக் கப்பலில் சாக்கு தைக்கவோ, காது குடையவோ பயன்படுத்திக்கொள்ளவும். இனிமேல் எனக்கு ஸ்டீல், இரும்பு, தகரம், ஊசி, குண்டூசி எதையும் அனுப்ப வேண்டாம்.

தங்களுக்கும் தங்கள் கேப்டனுக்கும் என் வணக்கங்கள். அக்கா தங்களுக்கு முத்தம் சொல்லச் சொன்னாள் என்று எழுத வெட்கமாக இருப்பதால் விசாரித்ததாக எழுதுகிறேன். காற்று தங்கள் பக்கம் அடிக்கட்டும், அலை அடுத்தவன் பக்கம் போகட்டும்.

இப்படிக்கு,
படகிழந்த மச்சினன்,
த. சின்னதம்பி

பின்குறிப்பு (16-8-84): வெளிநாட்டு ஸ்டாம்பு பழவேற்காடு தபாலாபீசில் தீர்ந்துபோனதால் கடிதம் ஐந்து நாளாகத் தலையணைக்கு அடியில் இருந்தது. அதை அக்கா எடுத்துப் படித்துவிட்டாள். படித்ததோடு விடாமல் எறாக் கொட்டகைக்கு எடுத்துக்கொண்டு வந்து சத்தமாகவும் படித்தாள். நைலான் கயிறு வரைக்கும் எல்லாரும் அமைதியாகத்தான் கேட்டார்கள். பம்ப் ஸ்டவ் என்று அக்கா படித்ததும் எட்டுப் பொம்பளைகளும் ஒரே நேரத்தில் உரிப்பதை நிறுத்தினார்கள்.

"அடப்பாவி, கத்தியவா தீல வெச்ச?" என்றாள் பச்சையம்மா அத்தை.

"ஏன், எல்லாரும்தான் சூட்டிரும்ப வெக்கிறீங்க!"

"அத்து செத்த இரும்புடா! அத்துக்கு இன்னா போவப் போவுது? வெட்ற இரும்ப தீல காட்டினா பதம் எறங்கிப்பூடும். அருவாமனைய அடுப்பாண்ட வெச்சாலே எங்க மாமியா அடிப்பா."

"அன்னிக்கே சொல்ல வந்தேன். கொயம்பைப் பாருன்னான்," என்றாள் அக்கா. கொட்டகை சிரித்ததில் உரித்து வைத்த தட்டு கவிழ்ந்துவிட்டது.

நீலம் வந்ததே மச்சான், அது ஒரிஜினல் ஸ்டீலின் அடையாளம் இல்லையாம். கடினம் இறங்கி ஓடுகிறபோது போட்டுவிட்டுப் போகிற சாயமாம். இது அநேகமாக என் புத்தகத்தில் இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் இருந்திருக்கும்.

இதோடு போகவில்லை. வளைந்த கத்தியை நைனா அன்றைக்கே முட்டியில் வைத்து நிமிர்த்தி, நான் பள்ளம் பறித்த அதே கல்லில் நாலு இழுப்பு இழுத்து, ஏழு நாளாக இடுப்பில் சொருகிக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரியாமல்! கத்தியில் விழுந்த அந்தப் பல்லும் தேய்ந்து காணாமல் போய்விட்டது. தீயில் காட்டிய முன்பாதி நம் கல்லுக்கு மசிகிறது, மீன் வயிற்றை வகுந்தால் பட்டு மாதிரி போகிறது. தீ படாத அடிப்பாதி இன்னும் பழைய அறுபத்திரண்டாகவே இருக்கிறது, ஒரு இழுப்புகூடத் தீட்டாமலே கயிறு அறுக்கிறது. நேற்று சாயந்திரம் என்னைக் கூப்பிட்டார்.

"இத்த இப்பிடி நீதான் பண்ணியா?"

"தெரியாம பண்ட்டேன் நைனா."

"தெரிஞ்சி பண்ணியிருந்தா கெடுத்திருப்ப. மாரி கேக்கறான், அவனுக்கும் இதே மாதிரி ஒண்ணு வோணுமாம். என் புள்ள பண்ணதுன்னு சொல்லியிருக்கேன். பாடு அன்னிக்கு வந்துடு. புத்தகத்த வூட்ல வெச்சிட்டு வா."

ஆகையால் நைனாவுக்குத் தாங்கள் எந்தக் கடிதமும் எழுத வேண்டாம். மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். ஒரே கத்தியில் இரண்டு கடினம் என்பது உலகத்தில் என்னைத் தவிர யாரும் யோசிக்காத விஷயம் என்று ஆறு பேனா நண்பர்களுக்கும் எழுதிவிட்டேன். சின்னப்பனுக்கு மட்டும் எழுதவில்லை, அவனிடம் யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், ஏனென்றால் கடினம் இறங்கிய பாதி எவ்வளவு இருக்கும் என்று நான் மதிப்புப் போட்டுப் பார்த்தேன், அவன் சொன்ன எண்ணுக்குக் கிட்டத்தட்ட வருகிறது.

ஞானதாஸ் வருகிறபோது அதே கத்தியில் ஆறு கொடுத்து அனுப்பவும். அறுபத்திரண்டுக்கு ஒரு எண்கூடக் குறையக் கூடாது. பார்த்து, நல்ல கத்தியாக வாங்கவும். கெடுப்பதை இங்கே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.